ஆள் பாய்ஞ்சிட்டான்

போன வருஷ மாசிக் கூட்டப் பதிவேட்டில் என் கையெழுத்தில் ஒரு வரி இருக்கிறது: "ஆறு மாத காலமாகப் பயிற்சிக்குச் சமுகமளிக்காத வீரருக்கு விடுவிப்புக் கடிதம் வழங்குவதில்லை எனத் தீர்மானிக்கப்பட்டது." அப்ப நான் எங்கட விளையாட்டுக் கழகத்தின் உப செயலாளர். "சமுகமளிக்காத" என்ற மரியாதையான சொல்லைப் போட்டது நான்தான். கூட்டத்தில் சொல்லப்பட்டது வேற: "ஆள் பாய்ஞ்சிட்டான், பேந்தென்ன கடிதம்?"

பெடியன்ர பெயர் இங்க தேவையில்லை. 22 வயசு. இடப்பக்கப் பின்களம். நல்லா ஓடுவான், பந்தைக் காலில் வைச்சிருக்கத் தெரியும், கோபம் வராது. ரெண்டு மணித்தியாலம் பஸ்ஸில் போகவேண்டிய ஒரு நகரத்தில் அவனுக்கு ஹாட்வெயார் கடையொன்றில் வேலை கிடைச்சது. சனிக்கிழமையும் கடை திறந்திருக்கும். அங்கயே ஒரு கழகம் அவனைக் கூப்பிட்டது. பழைய கழகத்தின் கடிதம் இல்லாமல் அங்க பதிவு செய்ய ஏலாது. நாங்கள் குடுக்கேல்லை. இறுதிப்போட்டி நேரம் அவன் திரும்பி வருவான் எண்டு ஒரு கணக்கு. அவன் வரவும் இல்லை, அங்க விளையாடவும் இல்லை. ஒரு சீசன் அப்படியே போச்சு.

இதை நான் பெரிய விஷயமாக நினைச்சிருக்கேல்லை. லஸானா டியாராவின் வழக்கை ஒழுங்காக வாசிக்கும் வரைக்கும்.

டியாராவை உங்களில் கொஞ்சப் பேருக்கு ஞாபகம் இருக்கும். செல்சி, ஆர்சனல், போர்ட்ஸ்மவுத், பிறகு ரியல் மட்ரிட். நடுக்களத்தில் நிண்டு எதிரணியின்ர மூச்சை நிப்பாட்டுற ஆள். 2008இல் போர்ட்ஸ்மவுத் எஃப்.ஏ. கிண்ணம் எடுத்தபோது அந்த அணியில் இருந்தார். மட்ரிட்டுக்குப் பிறகு ரஷ்யாவின் அன்ஜிக்குப் போனார். அன்ஜியின் முதலாளி செலவைக் குறைத்து ஆட்களை விற்கத் தொடங்க, 2013 ஓகஸ்டில் லொக்கொமோட்டிவ் மொஸ்கோவோடு நாலு வருஷ ஒப்பந்தம் செய்தார்.

ஒரு வருஷம்கூட ஒழுங்காகப் போகவில்லை. சம்பளத்தைக் குறைக்கப் பார்த்தார்கள் என்பது வீரர் தரப்புக் கதை. பயிற்சிக்கு வராமல் நிண்டார் என்பது கழகத் தரப்புக் கதை. எது முதலில் நடந்தது, எது பதிலுக்கு நடந்தது என்பதை வெளியில் இருந்து பிரிச்சுப் பார்க்க ஏலாது. எங்கட பெடியன் விஷயத்திலும் அப்படித்தான். அவனை ரெண்டு மட்ச் பெஞ்சில் இருத்தினதுக்குப் பிறகுதான் அவன் வேலை தேடத் தொடங்கினவன். அது பதிவேட்டில் இல்லை. பதிவேட்டை எழுதுவது எப்பவும் கழகம்.

2014 ஓகஸ்டில் லொக்கொமோட்டிவ் டியாராவின் ஒப்பந்தத்தை முறித்தது. முறித்ததோடு நிற்காமல், ஒப்பந்தத்தை மீறினது அவர்தான் என்று சொல்லி 20 மில்லியன் யூரோ நட்டஈடு கேட்டு ஃபீபாவிடம் போனது. டியாரா பதிலுக்குத் தன் சம்பள நிலுவையைக் கேட்டார். 2015இல் ஃபீபாவின் தகராறுத் தீர்வு மன்றம் டியாரா 10.5 மில்லியன் யூரோ கட்டவேண்டும் என்றது. அடுத்த வருஷம் விளையாட்டுக்கான மத்தியஸ்த நீதிமன்றமும் அதையே உறுதிப்படுத்தியது.

இதுவரைக்கும் எனக்குப் பெரிய பிரச்சினை இல்லை. பெரிய சம்பளம் வாங்கின ஆள், பெரிய ஒப்பந்தம், மீறினதாகத் தீர்ப்பு, பெரிய நட்டஈடு. நீதி சரியோ பிழையோ, அதொரு காசுத் தகராறு. வழக்கின் மையம் வேற இடத்தில் இருக்கிறது.

ஒப்பந்தம் முறிஞ்ச பிறகு டியாராவுக்கு வேலை தேடவேண்டியிருந்தது. 2015 பெப்ரவரியில் பெல்ஜியத்தின் சார்ளருவா கழகம் அவரை எடுக்கத் தயார் என்று எழுதியது. ரெண்டு நிபந்தனை. ஒன்று, அவரை முறைப்படி பதிவு செய்து விளையாடவிட முடியவேண்டும். மற்றது, லொக்கொமோட்டிவ் கேட்கும் நட்டஈட்டுக்குத் தாங்களும் சேர்ந்து பொறுப்பாக மாட்டோம் என்ற உறுதி வேணும். இந்த ரெண்டாவது நிபந்தனை ஏன் என்றால், ஃபீபாவின் விதியில் அப்படி இருந்தது. நியாயமான காரணம் இல்லாமல் ஒப்பந்தத்தை மீறினதாகச் சொல்லப்படும் வீரரை எடுக்கிற கழகமும் அந்த நட்டஈட்டுக்குக் கூட்டுப் பொறுப்பு. அது மட்டும் இல்லை. மீறச் சொல்லித் தூண்டினது அந்தப் புதுக் கழகம்தான் என்றே விதி முதலில் அனுமானிக்கும். இல்லை என்று நிரூபிக்கிறது அவர்கள் வேலை. நிரூபிக்க முடியாவிட்டால் ரெண்டு பதிவுக் காலத்துக்குப் புது வீரர்களை எடுக்கத் தடை. இதுக்கு மேல, வீரர் ஒரு நாட்டில் இருந்து இன்னொரு நாட்டுக்குப் போகும்போது பழைய நாட்டுச் சங்கம் ஒரு சர்வதேச மாற்றச் சான்றிதழ் அனுப்பவேண்டும். ஒப்பந்தத் தகராறு இருந்தால் அதை மறித்து வைக்கலாம்.

யோசிச்சுப் பாருங்கோ. 20 மில்லியன் கேட்டு வழக்கு ஓடுகிற ஆளை எந்தக் கழகம் தொடும்? சார்ளருவா பெரிய காசுக்காரக் கழகமும் இல்லை. ஃபீபா உறுதி குடுக்கவில்லை. சான்றிதழ் இல்லாமல் பதிய ஏலாது என்று பெல்ஜியச் சங்கம் சொன்னது. சார்ளருவா கையை விட்டது. 29, 30 வயசில், ஒரு உதைபந்தாட்ட வீரரின் கடைசி நல்ல வருஷங்களில், டியாரா ஒரு முழு சீசன் வீட்டில் இருந்தார். 2015 ஜூலையில்தான் மார்செய் அவரை எடுத்தது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அவரை எடுக்கும் கழகம் கூட்டுப் பொறுப்பில்லை என்று ஃபீபாவே பிறகு தீர்மானித்தது. அப்ப சார்ளருவாவின் கதவு மூடி மாதக் கணக்காகிவிட்டது.

முதலில் அவரை "வராத ஆள்" ஆக்கியது அவர் செய்ததோ கழகம் செய்ததோ, எனக்குத் தெரியாது. ஆனால் அந்த ஒரு வருஷம் அவரை வரவிடாமல் வைத்திருந்தது விதி. இந்த வித்தியாசத்தை நாங்கள் எங்கட கூட்டத்தில் கதைக்கவே இல்லை.

டியாரா விடவில்லை. ஃபீபாவுக்கும் பெல்ஜியச் சங்கத்துக்கும் எதிராக 6 மில்லியன் யூரோ கேட்டு பெல்ஜியத்தில் வழக்குப் போட்டார். வழக்கு மொன்ஸ் மேன்முறையீட்டு நீதிமன்றம் வரை போய், அங்கிருந்து லக்சம்பேர்க்கில் உள்ள ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றத்துக்குப் போனது. 2024 ஒக்டோபர் 4ஆம் திகதி தீர்ப்பு. இந்த விதிகள் தொழிலாளர் சுதந்திரமாக இடம்மாறும் உரிமைக்கும் போட்டிச் சட்டத்துக்கும் முரணானவை என்றது நீதிமன்றம். சீசன் நடுவில் அணிகள் கலையாமல் இருக்கவேண்டும் என்ற நோக்கத்தை நீதிபதிகள் பிழை சொல்லவில்லை. அந்த நோக்கத்துக்குத் தேவையானதைவிட விதி எவ்வளவோ தூரம் போய்விட்டது என்றார்கள். தீர்ப்பு வந்தபோது டியாராவுக்கு 39 வயசு. 2019இலேயே விளையாட்டை விட்டிருந்தார். நீதிமன்ற ஆவணத்தில் அவர் பெயரும் இல்லை, "பி.இசட்" என்று ரெண்டு எழுத்து மட்டும். ஃபீபாவுக்கு எதிரில் பி.இசட். மைதானத்திலும் இல்லை, காகிதத்திலும் இல்லை.

இந்தச் சான்றிதழ் விளையாட்டு புதுசும் இல்லை. 1990இல் இதே பெல்ஜியத்தில் ஷோன்-மார்க் பொஸ்மன் என்ற வீரரின் ஒப்பந்தம் முடிந்தது. லியேஜ் கழகம் நாலில் ஒரு பங்கு சம்பளத்துக்குப் புது ஒப்பந்தம் நீட்டியது. பிரான்ஸின் டன்கேர்க் கழகத்துக்குப் போகப் பார்த்தார். டன்கேர்க் காசு கட்டுமோ எண்டு லியேஜுக்குச் சந்தேகம். அதனால் சான்றிதழ் போகவில்லை. ஒப்பந்தம் முடிந்த ஆளுக்கே இந்த நிலைமை. 1995 டிசெம்பர் 15இல் பொஸ்மன் வென்றார். அதுக்குப் பிறகு வந்த எல்லா நட்சத்திரங்களும் ஒப்பந்தம் முடிந்தவுடன் சும்மா கிளம்பிப்போய்க் கோடி கோடியாக உழைத்தது அந்தத் தீர்ப்பால்தான். பொஸ்மனுக்குக் குடியும் கடனும் மிஞ்சியது. டியாராவின் வழக்கறிஞர்களில் ஒருவரான ஷோன்-லூயி டுப்பொன் தான் அப்ப பொஸ்மனுக்காகவும் நிண்டவர். முப்பது வருஷமாக ஒரே கதவைத் தட்டுற மனிசன்.

இப்ப மறுபக்கம். இதை எழுதப்போறன் எண்டு சொன்னவுடன் நண்பன் ஒருத்தன் கேட்டது: "அப்ப டெவெஸ் செய்ததும் சரியோ?"

நல்ல கேள்வி. 2011இல் நான் பள்ளிக்கூடப் பெடியன், யுனைட்டட் ஆதரவாளன். டெவெஸ் யுனைட்டட்டில் இருந்து சிற்றிக்குப் போன ஆள் என்பதால் எனக்கு அவரைத் திட்டுறதுக்குக் காரணம் தேவைப்படவில்லை. அந்த செப்டெம்பர் 27இல் மியூனிக்கில் பயேர்னோடு சிற்றி தோத்துக்கொண்டிருந்தது. பெஞ்சில் இருந்து இறங்க டெவெஸ் மறுத்தார் என்றார் பயிற்றுநர் மன்சினி. இல்லை, விளங்கிக்கொண்டதில் பிழை என்றார் டெவெஸ். கழகம் அவரை இடைநிறுத்தி, நாலு கிழமைச் சம்பளத்தைத் தண்டமாக வெட்டப் பார்த்தது. வீரர்கள் சங்கம் தலையிட்டு அதை ரெண்டு கிழமை ஆக்கியது. நவம்பரில் டெவெஸ் அனுமதி இல்லாமல் ஆர்ஜென்ரீனாவுக்குப் பறந்தார். மூன்று மாதம் வரவில்லை. சம்பளம் நிறுத்தப்பட்டது, திரும்பத் தண்டம். பெப்ரவரியில் வந்தார், மன்னிப்புக் கேட்டார். மார்ச்சில் செல்சியோடு மாற்று வீரராக இறங்கி நஸ்ரியின் வெற்றிக் கோலுக்குப் பந்து குடுத்தார். ஏப்ரலில் நோர்விச்சோடு மூன்று கோல். ஒரு கோலைக் கொண்டாட கோல்ஃப் அடிக்கிற மாதிரி நடிச்சார், ஊரில் நிண்ட நேரம் கோல்ஃப் விளையாடினதைத் தானே நக்கலடிச்சு. மே 13இல் சிற்றி லீக் எடுத்தது. அகுவேரோ அடிச்ச அந்தக் கடைசிக் கோலைப் பார்த்து நான் சோறு சாப்பிடாமல் படுத்தது வேற கதை.

டெவெஸ் செய்தது சரியில்லை. சம்பளம் வாங்குற ஆள் சொல்லாமல் கொள்ளாமல் மூன்று மாதம் போறது எந்த வேலைக்கும் சரிவராது. ஆனால் சிற்றி என்ன செய்தது என்று பாருங்கோ. வராத நாட்களுக்குக் காசு குடுக்கவில்லை, தண்டம் போட்டது. கையில் இருந்த ஆயுதம் அதுக்குப் போதுமானதாக இருந்தது. வேலைக்கு வராதவனுக்குச் சம்பளம் இல்லை என்பது எனக்கு விளங்குகிறது. வேலைக்கு வராதவன் வேற எங்கயும் வேலை செய்யக்கூடாது என்பதுதான் விளங்கவில்லை. ரெண்டும் ஒன்றில்லை. கழகக் கூட்டங்களில் ரெண்டும் ஒரே மூச்சில் வரும்.

"அப்ப ஒப்பந்தம் எண்டு ஒண்டு எதுக்கு?" என்பது அடுத்த கேள்வி. சின்னக் கழகம் ஒரு வீரரை வளர்த்து எடுக்க, பெரிய கழகம் வந்து நடுவில் தூக்கிக்கொண்டு போனால்? நியாயமான பயம்தான். அதுக்கு நட்டஈடு இருக்கட்டும். ஆனால் எவ்வளவு என்று போறதுக்கு முதல் தெரியவேண்டும். ஸ்கொட்லாந்தின் ஹார்ட்ஸில் இருந்து 2006இல் விகனுக்குப் போன அன்டி வெப்ஸ்டர், கடைசியில் 150,000 பவுண் கட்டினால் போதும் என்றது மத்தியஸ்த நீதிமன்றம். ஒப்பந்தத்தில் மிச்சமிருந்த சம்பளத்தின் பெறுமதி. அடுத்த வருஷம் உக்ரேனின் ஷக்தாரில் இருந்து ஸ்பெயினின் சரகோசாவுக்குப் போன பிரேசில்காரர் மட்டுசலெமுக்கு அதே நீதிமன்றம் போட்ட தொகை கிட்டத்தட்ட 11.86 மில்லியன் யூரோ. ஒரே விதி, ரெண்டு கணக்கு. கடையில் விலை எழுதாமல் சாமானை எடுத்துப்போட்டு, வீட்டுக்குப் போன பிறகு பில் வாற மாதிரி.

மட்டுசலெமின் கதையில் இன்னொரு துண்டு இருக்கு. அவரும் சரகோசாவும் அந்தக் காசைக் கட்டவில்லை. கட்டும் வரைக்கும் ஷக்தார் கேட்டால் அவருக்கு உதைபந்தாட்டத்தில் முழுத்தடை போடலாம் என்று ஃபீபா முடிவெடுத்தது. 2012 மார்ச்சில் சுவிற்சர்லாந்தின் உச்ச நீதிமன்றம் அதை ரத்துச் செய்தது. தெரிஞ்ச ஒரே தொழிலைச் செய்யவிடாமல் மறிச்சால் அவர் அந்தக் கடனை எதைக் கொண்டு கட்டுவார் என்பதையும் நீதிபதிகள் யோசித்தார்கள். எங்கட அம்மம்மாவும் இதைத்தான் கேட்டிருப்பா. அதுக்கு ஒரு உச்ச நீதிமன்றம் தேவைப்பட்டிருக்கிறது.

டியாரா, டெவெஸ், இவர்கள் எல்லாம் காசுக்காரர்கள், அவர்களுக்காக அழ எனக்கும் கண்ணீர் வரவில்லை. ஆனால் இந்த விதிகள் நட்சத்திரங்களுக்கு மட்டும் எழுதப்பட்டவை இல்லை. ஸஹீர் பெலூனிஸின் பெயரை உங்களில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பீர்களோ தெரியாது. அல்ஜீரியப் பூர்வீகப் பிரெஞ்சு வீரர். 2007இல் கட்டாருக்குப் போனவர். எல் ஜெய்ஷ் கழகத்தோடு 2015 வரைக்கும் ஒப்பந்தம் இருந்தது. பிறகு வேறொரு கழகத்துக்கு இரவலாக அனுப்பினார்கள், சம்பளம் வரவில்லை என்று வழக்குப் போட்டார். அதோட அவருக்கு நாட்டை விட்டு வெளியேறும் அனுமதி கிடைக்காமல் போனது. கட்டாரில் அப்ப முதலாளி கையெழுத்து வைக்காமல் வெளிநாட்டுத் தொழிலாளி விமானம் ஏற ஏலாது. கழகம் தான் முதலாளி. மனைவியோடும் ரெண்டு மகள்மாரோடும் டோஹாவில் மாட்டுப்பட்டுக் கிடந்தார். 2022 உலகக் கிண்ணத்தைக் கட்டாருக்கு எடுக்க முகம் குடுத்த ஸிடானுக்கும் குவார்டியோலாவுக்கும் பகிரங்கக் கடிதம் எழுதினார். 2013 நவம்பர் கடைசியில்தான் விட்டார்கள்.

அந்தக் கையெழுத்தைப் பற்றி நான் எங்கட ஊர் ஆட்களுக்கு விளக்கவேண்டிய தேவை இல்லை. கட்டார், சவூதி, குவைத் என்று போன ஆள் இல்லாத வீடு எங்கட ஒழுங்கையில் குறைவு. பாஸ்போட் கொம்பனியில், வேற கொம்பனிக்கு மாறக் கடிதம் வேணும், விட்டுப்போனால் "ஓடிப்போனவர்" என்று முறைப்பாடு. கட்டார் 2018இல் பெரும்பாலானவர்களுக்கு வெளியேறும் அனுமதியையும் 2020இல் வேலை மாறுவதற்கான கடிதத்தையும் எடுத்துவிட்டது. உலகக் கிண்ணம் வருகுது, உலகம் பார்க்குது. எண்டாலும் முறைப்பாடு குடுக்கிற வழி அடைபடவில்லை என்று மனித உரிமை அமைப்புகள் அதுக்குப் பிறகும் எழுதின. பெலூனிஸ் பந்து விளையாடப் போனவர் என்பதால் பேப்பரில் வந்தார். மேசன் வேலைக்குப் போனவன் வாறதில்லை. "ஆள் பாய்ஞ்சிட்டான்" என்ற சொல்லே எங்கட ஊருக்கு அங்கயிருந்து வந்ததோ எண்டுகூட எனக்கு யோசனை. முதலாளியின்ர சொல்லை, கொம்பனிக்காரன்ர சொல்லை, எங்கட அண்ணன்மாருக்கு எதிராகப் பாவிச்ச சொல்லை, நாங்கள் ஒரு ஹாட்வெயார் கடைப் பெடியனுக்குச் சொன்னோம்.

எங்களிடம் அவனோடு ஒப்பந்தமும் இல்லை, சம்பளமும் இல்லை. பூட்ஸ்கூட அவன் சொந்தக் காசில் வாங்கினது. இருந்தது லெட்டர்ஹெட்டும் ரப்பர் முத்திரையும் தான். அந்தளவுக்கே எங்களால் ஒரு சீசனைப் பிடிச்சு வைக்க முடிஞ்சது. டியாரா தீர்ப்புக்குப் பிறகு ஃபீபாவே விதியை மாற்றத் தொடங்கி, தகராறைக் காரணம் காட்டிச் சான்றிதழை மறிக்கக்கூடாது என்று இடைக்கால ஏற்பாடு கொண்டுவந்திருக்கிறது. ஃபீபா மாறினாலும் எங்கட தலைவர் அண்ணை லேசில் மாறமாட்டார்.

போன கிழமைக் கூட்டத்தில் நான் ஒரு பிரேரணை வைத்தேன்: விடுவிப்புக் கேட்டால் ஏழு நாளில் குடுக்கவேண்டும், கழகச் சாமான் ஏதும் கையில் இருந்தால் அதை மட்டும் திருப்பிக் கேட்கலாம், வேற நிபந்தனை இல்லை. ஒரு மணித்தியாலம் சண்டை. "இப்பிடியே போனா நாளைக்கு எல்லாரும் போயிடுவாங்கள்" என்றார் ஒருத்தர். "ஏன் போறாங்கள் எண்டு கேப்பமே?" என்று கேட்டதுக்குப் பதில் வரவில்லை. பதினொரு பேர் ஆதரவு, ஒன்பது பேர் எதிர்ப்பு. தலைவர் அண்ணை நடுநிலை. அண்டிரவே கடிதத்தை அடிச்சு, முத்திரை குத்தி, படம் எடுத்து அவனுக்கு வட்சப்பில் அனுப்பினேன்.

அடுத்த நாள் மத்தியானம் பதில் வந்தது. "தாங்ஸ் அண்ணை. இங்க இந்த வருஷப் பதிவு போன மாசத்தோட முடிஞ்சுது. அடுத்த மாசிக்குத்தான் இனி."